பத்து மணிச் சத்தம்

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு பெங்களூர் பப்பில் எழும் சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஐஸ் பெட்டிக்குள் கரண்டி இறங்கும். கண்ணாடி மக்குகள் ஒன்றோடொன்று இடிபடும். சமையற்கட்டுக் கதவு ஆடித் திறக்கும்போதெல்லாம் வாணலியின் சீற்றம் ஒரு நொடி வெளியே வந்து போகும். டிவியில் கிரிக்கெட். ஒரு மேசையில் பிறந்தநாள், அடுத்த மேசையில் வேலையை விட்டுப் போகிறவனுக்கு வழியனுப்பு, மூலையில் ஒரு ஜோடி ரகசியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கன்னடம், தமிழ், இந்தி, மலையாளம், இங்கிலீஷ் எல்லாம் கலந்து கூரைக்குக் கீழே ஒரே இரைச்சலாகத் தேங்கி நிற்கும். அந்த இரைச்சலுக்குள் ஒற்றைக் கிட்டாரோடு உட்கார்ந்து, யாரோ எழுதி யாரோ பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளைச் சில ஆண்டுகள் பாடியிருக்கிறேன். ஊரை விட்டு வந்து காலம் ஆகிவிட்டது. மார்கழிக் குளிர், தூங்குமூஞ்சி மரங்கள், தர்ஷினி ஹோட்டல் வாசலில் நின்றபடி குடித்த காப்பி எல்லாம் எப்போதாவது நினைவுக்கு வரும், போகும். போகாமல் நிற்பது அந்தச் சத்தம்தான்.

சர்ச் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்த சின்னக் கடை அது. மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சுவரோரம் இரண்டு மேசைகளை நகர்த்தினால் கிடைக்கிற இடம், முதுகில்லாத ஓர் உயர நாற்காலி, மைக் ஸ்டாண்டு, முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மிக்ஸர். கழிப்பறைக்குப் போகும் வழி என் வலது முழங்கையை உரசிக்கொண்டுதான் போகும். போகிறவர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது சிலர் அங்கேயே நின்று ஒரு வரி சேர்ந்து பாடுவார்கள். சம்பளம் ராத்திரிக்கு இரண்டாயிரம் ரூபாயும் சாப்பாடும். அந்தப் பணத்தில் கிட்டார் தந்தி, ஆட்டோக் கட்டணம் போக என்ன மிஞ்சும் என்று வீட்டில் கேட்பார்கள். பகல் வேலை இருந்ததால் அந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

கிட்டார் கற்றது வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில், தேவாலயப் பாடகர் குழுவில். அங்கே முதல் கார்டு விழுவதற்கு முன் இருமல்கூட அடங்கிவிடும். நூறு பேர் காது கொடுத்துக் காத்திருக்கும் அமைதியில் விரல் விறைத்துப்போகும். ஆண்டவருக்குப் பாடுகிறோம் என்று பாஸ்டர் சொல்வார். எனக்கோ மூன்றாவது வரிசையில் இருந்த இசை ஆசிரியையின் முகம் மட்டுமே தெரியும். அப்படி வளர்ந்தவனுக்கு, ஒருவரும் திரும்பிப் பார்க்காத அறையில் பாடியது பெரிய விடுதலை. முதல் ராத்திரியில் மூன்று பாட்டு முடித்தபிறகும் கைதட்டல் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. நான்காவது பாட்டில் என் குரலை முதல்முறையாக நானே கேட்டேன்.

எத்தியேன் லொம்பார் என்றொரு பிரெஞ்சு மருத்துவர் இருந்தார். காது, மூக்கு, தொண்டை பார்ப்பவர். 1911-ல் அவர் எழுதிவைத்த ஒரு விஷயம் பப்பில் பாடுகிற எல்லோருக்கும் பாலபாடம். காதில் இரைச்சலைக் கொடுத்தால் பேசிக்கொண்டிருக்கும் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். இரைச்சலை நிறுத்தினால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கக்கூட இந்தச் சோதனை பயன்பட்டது. இன்று அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதைப் படிப்பதற்கு முன்பே என் தொண்டை அதைத் தெரிந்துகொண்டிருந்தது. கூட்டம் சத்தம் போடுகிறதே என்று நான் ஒலியைக் கூட்டினால், என்னைத் தாண்டிப் பேச அவர்கள் இன்னும் கத்துவார்கள். நான் மறுபடி கூட்டுவேன். அரை மணி நேரத்தில் இரு தரப்புக்கும் தொண்டை கட்டிவிடும்.

இதற்கு வழி எதிர்த்திசையில் இருந்தது. பாட்டு முடிந்ததும் தந்திகளைச் சட்டென்று உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். ஒலி அறுந்ததும், தாங்கள் எவ்வளவு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்கள் காதிலேயே விழும். குரல்கள் இறங்கும். மறுபடி ஏறுவதற்குள் சில நொடிகள் கிடைக்கும். அந்த இடைவெளியில், ஒலியைக் குறைத்து, ஏறத்தாழ பேச்சுக் குரலில் அடுத்த பாட்டின் முதல் வரியைச் சொல்லிவிட வேண்டும். முன்மேசை ஒன்று திரும்பும். அதைப் பார்த்துப் பக்கத்து மேசை திரும்பும். எல்லா ராத்திரியும் இது நடந்துவிடாது. நடக்கும் ராத்திரியில், வலை போட்டவனுக்குக் கயிற்றில் கனம் தெரிவதுபோல, அறை கைக்கு வந்துவிட்டது என்பது விரலுக்குத் தெரியும். இரண்டு பாட்டு வரை இருக்கும். அப்புறம் யாராவது பெரிய பீர் ஜாடி கேட்பார்கள், கயிறு நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து. அந்த இழுபறி எனக்குத் துளியும் சலித்ததில்லை.

அக்கூஸ்டிக் கிட்டாரை மரப்பெட்டியாக மட்டும் நினைக்கிறவர்களுக்கு அதை இரைச்சலில் வாசிப்பதன் தொல்லை புரியாது. அந்தப் பெட்டிக்கென்று ஓர் ஒலி உண்டு. பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அது நூறு ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து அதே அலை திரும்பி வந்து பலகையில் மோதினால் பெட்டி தானாக உறுமத் தொடங்கும், உறுமல் வளர்ந்து ஊளையாகும். எங்கள் அறைக்கோ சுவரும் மரத்தளமும் சேர்ந்து அதே இடத்தில் ஒரு முழக்கம் இருந்தது. கிட்டாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதைத் தொட்டால் அறையே கூடச் சேர்ந்து முனகும். ஒலித்துளையை வட்டமான ரப்பர் மூடியால் அடைத்தேன். மிக்ஸரில் அடிச்சுருதியைப் பாதிக்கு மேல் இறக்கினேன். ஸ்பீக்கரை எனக்கு முன்னால் தள்ளி வைத்தேன். கிட்டார் கழுத்தில் கேப்போக் கவ்வியைப் போட்டு ஏ மேஜர் பாட்டுகளை வேறு சுருதிக்கு ஏற்றினேன். சில மாதங்களில் அந்த அறையின் குணம் எனக்கு மனப்பாடம். எந்தச் சுவர் எதை விழுங்கும், மழைக்காலத்தில் ஜன்னல் சாத்தினால் எது தடிக்கும், முப்பது பேர் உள்ளே வந்தபின் எது மெலியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தலைக்கு மேலே ஏசி. அதைக் கூட்டினால் எஃகுத் தந்தி குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறிவிடும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஆணியைத் திருகிச் சரிசெய்வேன். இன்றைக்கு எத்தனையோ அறைகளில் உட்காருகிறேன், அப்படி ஓர் அறையை நான் அறிந்திருந்த காலம் திரும்பவில்லை.

மைக் என்னவோ உலகம் முழுக்கப் பப்புகளில் இருக்கும் அதே ஷ்யூர் எஸ்எம்58. 1966-ல் வந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. முன்னாலிருந்து வருவதை வாங்கும், பின்னாலிருந்து வருவதை ஒதுக்கும். உதட்டை வலையில் ஒட்டிப் பாடினால் குரலுக்கு அடியில் ஒரு கனம் சேரும். அந்தக் கம்பி வலைக்கு ஒரு வாசனை உண்டு. எனக்கு முன் பாடிய எத்தனையோ பேருடைய மூச்சு, பீர், சிகரெட், துரு எல்லாம் கலந்த வாசனை. கேட்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். எனக்கு அந்த வாசனை இன்னும் வேண்டும்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் பெங்களூர்க் கூட்டத்துக்குத் தனி அதிகாரம் இருந்தது. ரோஜர் வாட்டர்ஸ் 2002-லும், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும், அயர்ன் மெய்டன் 2007-லும் இந்த ஊருக்கு வந்து பாடிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மைதானங்களில் நின்று கேட்டவர்கள்தான் என் முன்னால் வேர்க்கடலை மசாலா தின்றுகொண்டிருந்தார்கள். ஒயாசிஸின் ‘வொண்டர்வால்’ கேட்காத ராத்திரி இல்லை. அதன் சூட்சுமம் எளிது. இரண்டாம் கட்டத்தில் கேப்போ, கடைசி இரண்டு விரல்களும் ஒரே இடத்தில் ஒட்டியபடி இருக்க, மற்ற இரண்டு மட்டும் நகரும். அந்த அசையாத இரண்டு சுரங்கள்தான் பாட்டு முழுக்க மணி போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜான் டென்வர் 1971-ல் பாடிய ‘கன்ட்ரி ரோட்ஸ்’ வந்தால் ஊர் விட்டு வந்த பையன்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மேற்கு வர்ஜீனியா எங்கே இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. பாடும்போது அது தும்கூருக்கோ தேனிக்கோ போகிற ரோடு.

‘ஹோட்டல் கலிஃபோர்னியா’தான் தனியாளுக்குச் சவால். 1976-ல் வந்த அசலில், கடைசியில் இரண்டு மின்கிட்டார்கள் மாறி மாறிப் பேசி, பிறகு ஒன்றாகச் சேர்ந்து இறங்கும். ஒற்றைக் கிட்டாரில் அதற்கு வழி இல்லை. நான் கார்டுகளை மட்டும் மீட்டிக்கொண்டே அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். கூட்டம் வாயாலேயே அந்த இரண்டு கிட்டார்களையும் வாசித்துவிடும். ஒரு மேசை மேல் சுரத்தை எடுத்துக்கொள்ளும், இன்னொரு மேசை கீழ்ச்சுரத்தை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐந்து நிமிடம் முன்பு என் பக்கம் முதுகு காட்டி இருந்தவர்கள்தான் அவர்கள். காதில் வாங்கவே இல்லை என்று நான் எண்ணியிருந்த ஒவ்வொரு பாட்டும் அவர்களுக்குள் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்று அப்போது தெரியும்.

பெங்களூர் ஐபிஎல் அணியின் கிறிஸ் கெயில் 175 அடித்த நாளும் அந்தக் கடையில்தான் எனக்குக் கழிந்தது. 2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. பகல் ஆட்டம். சின்னசாமி மைதானத்துக்கும் எங்கள் சந்துக்கும் நடை தூரம். 66 பந்தில் 175, ஆட்டமிழக்கவில்லை. சாயங்காலம் ஏழரைக்கு நான் தந்தி முடுக்கிக்கொண்டிருந்தபோது படிக்கட்டு முழுக்கச் சிவப்புச் சட்டைகள் ஏறி வந்தன. வாத்தியம் எதையும் யாரும் கேட்கும் நிலையில் இல்லை. நான் என்ன பாடினாலும் பல்லவிக்குப் பதில் அவர் பெயரைப் போட்டுப் பாடினார்கள். டென்வரும் கெயில், பிரையன் ஆடம்ஸும் கெயில். நான் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். ஆறு தந்திக்காரன் ஒருவன் இருநூறு தொண்டைக்குப் பக்கவாத்தியம். அன்று ராத்திரி கடையை மூடும்போது மேனேஜர், இது உன் நல்ல நாட்களில் ஒன்று என்றார். அவர் சொன்னது சரி.

தமிழ்ப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் இங்கிலீஷ் மட்டும்தான் என்பது சொல்லிவைத்த விதி. மற்ற மொழி ஒன்றைத் தொட்டால் ஆளாளுக்குத் தன் மொழி கேட்பார்கள், தகராறு வரும் என்பது மேனேஜரின் பயம். அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. மேசைகளுக்குப் பரிமாறுகிற பையன் ஒருவன் ஜோலார்பேட்டைக்காரன். வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தபடியே இருந்தான். ஒரு ராத்திரி தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் குனிந்தான்.

“அண்ணா, நம்ம பாட்டு ஒண்ணு போடுண்ணா. உள்ள மாஸ்டரும் கேக்குறாரு.”

“இவரு திட்டுவாருடா.”

“இந்தச் சத்தத்துல யாருக்குண்ணா கேக்கப் போகுது?”

அவன் சொன்னதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. மணி பத்தே கால். வழியனுப்பு மேசையில் கூச்சல் உச்சத்தில் இருந்தது. ‘மூடுபனி’யில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’யைத் தொடங்கினேன். 1980-ல் வந்த படம். இளையராஜாவுக்கு நூறாவது. யேசுதாஸ் குரலில் வரும் அந்தப் பாட்டைத் திரையில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுவார். தமிழ்நாட்டில் கிட்டார் தொட்ட பாதிப் பேருக்கு அதுதான் ஆசையின் முதல் விதை. ஒரே ஆள், ஒரே கிட்டார் என்ற என் தொழிலுக்கென்றே செய்துவைத்தது போன்ற பாட்டு. ஒலியைக் கூட்டவில்லை. கூட்டத்தின் இரைச்சலுக்கு ஒரு விரல்கடை கீழே வைத்துப் பாடினேன். கல்லாவில் இருந்த மேனேஜர் தலை நிமிரவில்லை. அவர் காதுக்கு அது இன்னொரு கிட்டார் பாட்டு.

சமையற்கட்டுக் கதவு திறந்து, ஆடித் திரும்பாமல் திறந்தபடியே நின்றது. மாஸ்டர் கையில் ஜாரிணிக் கரண்டியோடு நிலையில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற அசாம்காரப் பையன், அவனுக்கு மொழி தெரியாது, அவனும் நின்றான். கல்லாப் பக்கத்து உயர நாற்காலியில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடி போட்ட, கழுத்தில் ஐடி அட்டை தொங்கிய மனிதர். அதற்கு முன்னும் பின்னும் அவரோடு நான் பேசியதில்லை. பாட்டு முடியும் வரை அவர் குடிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்த அறையில் அந்தப் பாட்டு நான்கைந்து பேரை மட்டும் தேடிப் போய்ச் சேர்ந்தது. மற்ற எல்லோருடைய சத்தமும் அதற்குத் திரையாக நின்றது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் பத்தே கால் வாக்கில், கூச்சல் முற்றிய நேரம் பார்த்து ஒன்று வாசிப்பேன். மாஸ்டர் அதற்குச் சம்பளமாகச் சாப்பாட்டுத் தட்டில் ஒரு முட்டையை ஒளித்து அனுப்புவார்.

காக்ஸ் டவுனிலிருந்து வந்த ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவரையும் விட்டுவிட மனமில்லை. இஸ்திரி போட்ட சட்டை, ஒரே ஒரு ரம். ஜிம் ரீவ்ஸ் பாடு என்பார். 1964-லேயே விமான விபத்தில் இறந்துபோன அந்தப் பாடகர் அமெரிக்காவிலேயே எத்தனை பேருக்கு நினைவிருப்பாரோ, பெங்களூர் கன்டோன்மென்ட் வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தார். பெரியவருக்காகவே இரண்டு பாட்டுகளைப் படித்தேன். அந்த மெல்லிய குரல் பாட்டுகளை அந்தச் சந்தடியில் பாடுவது மடத்தனம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பெரியவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் ஸ்பீக்கருக்கு அரையடியில் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எல்லாம் கேட்டது.

கடை அப்போதெல்லாம் பதினொன்றரைக்குச் சாத்தியாக வேண்டும். பதினொன்றே காலுக்கு விளக்கு முழுதாக எரியும். அதுதான் கடைசிப் பாட்டுக்கு அடையாளம். ஷட்டர் பாதி இறங்கியிருக்க, குனிந்து வெளியே வந்து, கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு இன்ஃபன்ட்ரி ரோடு எம்பயர் ஹோட்டல் வரை நடந்தால் நெய்ச்சோறும் கெபாபும் கிடைக்கும். காது அடைத்திருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வரும். 

2016-ல் வேலை கோயம்புத்தூருக்கு மாறியது. அம்மாவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிளம்பியபோது வருத்தம் அதிகம் இல்லை. போகவர இருக்கலாம், கடை எங்கே போய்விடும் என்று நினைத்தேன். நேரடி இசைக்குத் தனி உரிமம் வேண்டும் என்ற 2005-ம் ஆண்டின் பெங்களூர் ஆணை செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே நகரத்தின் பல பப்புகளில் பாட்டு நின்றது. உரிமத்துக்கான தாள்களைத் திரட்டப் பெரிய இடங்களுக்கு முடிந்தது, மாடிப்படிக் கடைகளுக்கு முடியவில்லை. அதற்கு முன்பே, 2010-க்குப் பிறகு, சொந்தமாகப் பீர் வடிக்கும் பல மாடி அரங்குகள் வந்து கூட்டத்தை இழுக்கத் தொடங்கியிருந்தன. பிறகு கொரோனா. எங்கள் கடை இருந்த மாடியில் இப்போது துணி விற்கிறார்கள். நண்பன் ஒருவன் இன்னும் இந்திராநகரில் பாடுகிறான். பின்னணி இசையைக் கருவியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதன் மேல் பாட வேண்டியிருக்கிறதாம். ‘மச்சான், கூட்டம் கையில வருதான்னே தெரியலடா, ட்ராக் அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கு’ என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு நெடுநேரம் தூக்கத்தைக் கெடுத்தது.

இங்கே கோயம்புத்தூரில் எனக்குப் பாட இடம் இல்லாமல் இல்லை. நன்றாகப் பாடுவான் என்று பெயர் இருப்பதால் வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தேவாலயத்து மூன்றாவது வரிசை மறுபடி எதிரில் வந்து உட்கார்ந்துவிடும். குரல் ஒழுங்காக வரும், சுருதி சரியாக இருக்கும். இழுத்துப் பிடிக்க எதிரே ஒன்றும் இருக்காது.

போன மாதம் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியெல்லாம் முடிந்து என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். பின்னறையில் பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய் தெறிக்கும் சத்தமும் கள்ளாட்டச் சண்டையும் அங்கிருந்து வந்தபடி இருந்தன. சித்தப்பா எழுந்து போய், “மாமா பாடப்போறாரு, மூச்சு விடக்கூடாது” என்று அதட்டினார். “இருக்கட்டும் சித்தப்பா, அவங்களை இங்கேயே வந்து ஆடச் சொல்லுங்க, சத்தம் இருந்தாத்தான் எனக்குப் பாட வரும்” என்றேன். உபசாரமாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானே போய்ப் பலகையைத் தூக்கி வந்து கூடத்து நடுவில் வைத்தேன். ஸ்ட்ரைக்கர் பலகையில் மோதியது. ஒருவன் தப்பாட்டம் என்று கத்தினான். கேப்போவை மாட்டி, பிள்ளைகளின் கூச்சலுக்குக் கொஞ்சம் கீழே குரலை வைத்து ‘பொன் நிலா’வைத் தொடங்கினேன். பல்லவி முடிவதற்குள், கடைக்குட்டி ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். “ஆடுங்கடா” என்று பாட்டுக்கு நடுவிலேயே சொல்லிப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள், ஒருவரும் காயைத் தொடவில்லை.